கட்சிகள் கையில் செய்திச் சேனல் இருக்கலாமா?

பொன்னி_தஞ்சை:
கலைஞர் செய்திகள் திமுக சார்பு, நியூஸ் ஜெ அதிமுக சார்பு. இது ஊரறிந்த விஷயம். ஒன்றில் மனிதக் கடலாகத் தெரியும் கூட்டம் இன்னொன்றில் காலி நாற்காலியாகத் தெரிகிறது. கட்சிகள் ஒளிபரப்புத் தொழிலில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பையும் ஒளிபரப்பையும் ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் 2008இல் பரிந்துரைத்தது, 2014இல் மறுபடியும் சொன்னது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஒளிபரப்பைச் சுமந்து வரும் வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பொதுச் சொத்தைக் கட்சிக்கு ஏன் விட வேண்டும்?

கரிசல்காரன்:
தோழி, பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணத்தால் வரம்பு போடலாம் என்று அரசியலமைப்பின் 19(2) பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு என்று போகும் அந்தப் பட்டியலில் 'ஒருதலைப்பட்சம்' இல்லை. அப்புறம், உரிமம் தரும் பேனா யார் கையில்? மீடியாஒன் மலையாளச் சேனலுக்கு 2022 ஜனவரியில் உரிமத்தைப் புதுப்பிக்க ஒன்றிய அரசு மறுத்தது. காரணத்தைச் சேனலுக்குச் சொல்லவே இல்லை, மூடிய உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அரசை விமர்சித்தாலே அரசுக்கு எதிரி ஆகிவிட மாட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எல்லாச் சேனலாலும் டெல்லிவரை போய் வழக்காட முடியுமா?

பொன்னி_தஞ்சை:
நான் கேட்பது உடைமை பற்றி, நீங்கள் சொல்வது தணிக்கை பற்றி. சரி, 2020 செப்டம்பரில் சுதர்சன் டிவி தொடரை நீதிமன்றம் நிறுத்தியதே, அதுவும் தவறா?

கரிசல்காரன்:
தவறில்லை. முஸ்லிம் இளைஞர்கள் ஐஏஎஸ் தேர்வு எழுதுவதையே சதி என்று காட்டிய தொடர் அது. ஒரு சமூகத்தின் மேல் வெறுப்பைக் கிளப்புவதும், ஒரு கட்சிக்குச் சாதகமாகப் பேசுவதும் ஒன்றல்ல. கட்சிக்குத் தடை போட்டால் நாளைக்கே மருமகன் பெயரிலோ நண்பர் பெயரிலோ சேனல் வரும். இன்று யாருடைய சேனல் என்றாவது நமக்குத் தெரிகிறது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு அரசு விளம்பரத்தை நம்பி ஓடும் சேனல்தான் எனக்கு அதிக பயம்.

வாசுகி:
இருவரும் கேபிளை மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஒரு செய்திச் சேனல் திடீரென்று கடைசி எண்ணுக்குப் போனது. கேபிள்காரரைக் கேட்டால், "மேலிருந்து சொன்னார்கள் அக்கா" என்றார். உத்தரவும் இல்லை, வழக்கும் இல்லை. என் மாமியார் ரிமோட்டில் அவ்வளவு தூரம் போக மாட்டார், அவரைப் பொறுத்தவரை அந்தச் சேனல் இல்லை.

பொன்னி_தஞ்சை:
வாசுகி சொல்வது உண்மை, நான் அதை யோசிக்கவில்லை. ஆனாலும் கரிசல், யார் முதலாளி, அரசு விளம்பரமாக எவ்வளவு வாங்கினார்கள் என்பதையாவது திரையில் போடட்டும். இதற்குமா மறுப்பீர்கள்?

கரிசல்காரன்:
மறுக்க மாட்டேன். ஆனால் அதைச் சரிபார்க்கும் வேலை அமைச்சகத்திடம் போகக் கூடாது. அங்கே போனால் நான் எதிர்ப்பேன்.