மஞ்சள் கடுதாசி கொடுத்தாச்சு, வீட்டுச் சாமானுக்கு எங்கே போவது?

பழைய அச்சாபீஸ்:

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் 14 வருடம் சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வண்டி ஓடியது. 2020 லாக்டவுனில் ஒரு முகூர்த்த சீசன் முழுக்கப் போனது, அதை ஈடுகட்ட ஒரு கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன், அப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். போன வருடம் மஞ்சள் கடுதாசி கொடுத்தேன். கோர்ட்டும் இன்சால்வன்ட், அதாவது கடனைக் கட்ட முடியாதவன், என்று அறிவித்து ஆர்டர் போட்டுவிட்டது.

அதற்கு முன்பே வீட்டில் இருந்ததில் பாதியைக் கடன்காரர்கள் தூக்கிப் போனார்கள், மீதியை வாடகைக்காக நாங்களே விற்றோம். இப்போது அனகாபுத்தூரில் ஒரு ஹால், ஒரு சமையலறை. நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா. திருவல்லிக்கேணியில் வேறொருவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன், சம்பளம் 17,000, வாடகை 6,500. சாமானுக்கென்று 8,000 ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரு இரும்புத் தோசைக்கல், இரண்டு குண்டான், நாலு தட்டு, இரண்டு பாய், பத்து நிமிடம் ஓடியதும் தானாக அணைந்துபோகும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. குக்கர் இல்லை, மிக்ஸி இல்லை.

அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம், அதனால் பிரிட்ஜ் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தெருமுனைக் கடையில் முன்பணம் இல்லாமல் மாதத் தவணையில் தருகிறேன் என்கிறார்கள். மனைவி கூடவே கூடாது என்கிறாள். இன்னொன்று, எங்களுடையது சர்க்கரை கார்டு. நல்லா இருந்த காலத்தில் 'நமக்கெதுக்கு ரேஷன் அரிசி' என்று நானே கேட்டு வாங்கியது. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

வக்கீல் குமாஸ்தா:

சார், உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். தவணைக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

சென்னை நகரத்துக்கு 1909ஆம் வருட இன்சால்வன்சி சட்டம், குரோம்பேட்டை மாதிரி வெளியே இருப்பவர்களுக்கு 1920ஆம் வருடச் சட்டம். அதில் 72ஆம் பிரிவை உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். கடனிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் ஆர்டரைக் கோர்ட்டில் வாங்காத இன்சால்வன்ட், தான் இன்சால்வன்ட் என்று சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடனுக்கு வாங்கினால் அது குற்றம், 6 மாதம் வரை உள்ளே போட வழி இருக்கிறது. ஆமாம், ஐம்பது ரூபாய்தான். நூறு வருடத்துக்கு முந்தைய தொகை அப்படியே நிற்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதுவதற்காக யாரையும் உள்ளே வைத்து நான் பார்த்ததில்லை, ஆனால் 20,000 ரூபாய் பிரிட்ஜுக்கு மறைத்துக் கையெழுத்துப் போடுவது வேறு கதை. டிஸ்சார்ஜ் வரும்வரை புதிதாக வாங்கும் சொத்தும் கோர்ட், சொத்தைப் பொறுப்பேற்கும் ரிசீவர் கணக்குக்குள்தான் வரும், அதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைத் தெரியாமல் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவுப்படி உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கழற்றக்கூடாத தாலி, தொழிலாளியின் கைக்கருவி இதெல்லாம் ஜப்தி செய்யவே முடியாது. உங்கள் வீட்டில் கடன்காரர்கள் குக்கரைத் தூக்கிப் போனது அடாவடி, சட்டம் இல்லை. இனி யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஆர்டர் காப்பியைக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா:

தம்பி, அனகாபுத்தூரில் இருந்துகொண்டு எங்கே போவது என்று கேட்கிறீர்களே! பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை பக்கத்தில்தானே. பழைய டிரங்க் ரோடு முழுக்க செடி, கருவாடு, கோழிக்குஞ்சு, உடைந்த டிவி, கட்டில், பாத்திரம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மனைவியை அனுப்புங்கள், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காலையில் போனால் நல்லதாகப் பொறுக்கலாம், இருட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கும். நான் பாத்திரத்துக்குக் காலையிலும் மரச்சாமானுக்குச் சாயங்காலமும் போவேன், கட்டிலைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போக அவனுக்கும் மனசு வராது.

பழைய குக்கர் வாங்கும்போது அடியைத் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். மூடியைப் போட்டுக் கைப்பிடி ஒன்றோடு ஒன்று நேராக உட்காருகிறதா பாருங்கள். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் மட்டும் புதிது போடுங்கள், அதில் கஞ்சத்தனம் கூடாது. மிக்ஸியை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள், கருகின வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள். பழைய மெத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி வந்தால் அப்புறம் வீட்டையே மாற்ற வேண்டிவரும். புதுக் கோரைப்பாய் இன்னும் மூன்று வாங்குங்கள், போதும். கேஸ் டியூபும் பழையது ஆகாது.

பத்து நிமிடத்தில் அணையும் அடுப்பின் பின்பக்கம் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதேதான், ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடைத்துச் சூடேறி நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், இரண்டு வருடமாக ஓடுகிறது. அதுவும் சரிவராவிட்டால் 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது, அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ஆனால் முதல் தடவை சிலிண்டருக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும்.

ரேஷன் க்யூ:

அச்சாபீஸ் அண்ணா, முதல் வேலை அந்தச் சர்க்கரை கார்டு. அரிசி கார்டாக மாற்றிக் கேட்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுங்கள், முகவரி மாற்றத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25. பருப்பும் எண்ணெயும் அட்டைக்கு ஒன்றுதான், மாதக் கடைசியில் போனால் தீர்ந்திருக்கும், அதனால் முதல் வாரத்திலேயே போங்கள். ரேஷன் புழுங்கலரிசியை இட்லிக்குப் போட்டுப் பாருங்கள், கடை இட்லி அரிசிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சோற்றுக்கு என்றால் நாலைந்து தண்ணீர் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்தால் வாடை போய்விடும்.

மதியச் சாப்பாட்டுக்குத் திருவல்லிக்கேணியில் வெளியே 80, 100 கொடுக்கிறீர்களா? அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். எங்கள் ஆபீஸ் ஆட்களே போகிறார்கள்.

பரண் காலி:

நான் திருப்பூர். பனியன் ஜாப் ஒர்க்கில் விழுந்து எழுந்தவன். கடை, சந்தை எல்லாம் இருக்கட்டும், முதலில் சொந்தக்காரர் வீட்டுப் பரணைப் பாருங்கள். நம்ம ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் கல்யாணச் சீராக வந்த பாத்திரம் பெயர் வெட்டியபடி, பேப்பர் சுற்றியபடி கிடக்கிறது. என் பெரியம்மா வீட்டில் மட்டும் 11 டிபன் கேரியர்! கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கேட்க நமக்குத்தான் வாய் வராது. நான் கேட்டேன், இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குடம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அத்தை பெயர்.

வெள்ளிக்கிழமை அக்கா:

இதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. உங்கள் பெரியம்மா நல்லவர். எங்கள் பக்கத்தில் ஒரு அண்டா கொடுத்துவிட்டு அதை ஒன்பது விசேஷத்தில் சொல்லிக் காட்டுவார்கள். சந்தைக்காரன் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு நம் முகத்தை மறந்துவிடுவான், அந்த நிம்மதிக்கே 200 கொடுக்கலாம்.

ரேஷன் க்யூ:

இன்சுலின் பற்றி யாருமே சொல்லவில்லையே. பிரிட்ஜ் இல்லாமல் சமாளிக்கலாம் அண்ணா, எங்கள் ஆயா ஊரில் அப்படித்தான் வைத்திருந்தார். சின்ன மண்பானையில் பாதித் தண்ணீர், அதற்குள் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் மருந்து. வெயில் படாத, காற்று வரும் இடத்தில் பானையை வைக்க வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆனால் இது இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பாட்டிலுக்கு மட்டும்தான். பிரிக்காத பாட்டிலை வாங்கிக் குவிக்காதீர்கள், தீரத்தீர ஒவ்வொன்றாக வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள், அங்கே டாக்டரிடம் இந்தப் பானை விஷயத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய அச்சாபீஸ்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பிரிட்ஜ் எண்ணத்தை விட்டாச்சு. 72ஆம் பிரிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அன்றிலிருந்து அண்ணாச்சி கடையில் அரைக்கிலோ தக்காளியைக் கூட எண்ணிக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறாள். டாக்டர் பானைக்குச் சரி சொல்லிவிட்டார், அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை, வருகிற ஆட்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறார். கார்டு மாற்ற மனு கொடுத்திருக்கிறேன்.

அடுப்பின் பின்னால் தூசியோடு ஒரு செத்த கரப்பானும் இருந்தது, எடுத்ததும் ஓடுகிறது, அக்காவுக்கு நன்றி. சந்தையில் மிக்ஸி 700, மூன்று பாய், ஒரு பிளாஸ்டிக் டிரம், இண்டக்‌ஷனில் உட்காரும் 5 லிட்டர் குக்கர் 350. எல்லாம் சேர்த்து 2,900தான் ஆனது. பரணுக்கும் போனேன், ஒரே ஒரு வீடு, என் சித்தி வீடு. ஒரு இட்லிப் பானையும் இரண்டு குடமும் கொடுத்தார். குடத்தில் வெட்டியிருப்பது எங்கள் அப்பா பெயர், சித்தி கல்யாணத்துக்கு அவர் வைத்த சீர். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். குக்கருக்கு வெயிட் இல்லை, சந்தைக்காரர் ஏதோ ஒரு வெயிட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போட்டால் விசிலே வராமல் பக்கவாட்டில் புஸ்ஸென்று போகிறது. இதையே வைத்து ஓட்டலாமா?

வெள்ளிக்கிழமை அக்கா:

ஐயோ தம்பி, முதலில் அதை அடுப்பிலிருந்து இறக்குங்கள். ஒரு கம்பெனி வெயிட் இன்னொன்றில் சரியாக உட்காராது. மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள், அதே கம்பெனி வெயிட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அப்படியே கேஸ்கட்டையும் மாற்றிவிடுங்கள். அதுவரைக்கும் பருப்பைக் குண்டானில் வேகவையுங்கள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் சீக்கிரம் மசியும்.