இழை: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும் (சிங்கப்பூர்த் தமிழ் மடற்குழு; எழுதுபவர்கள் அவரவர் வட்டாரப் பெயரில்)

உட்லண்ட்ஸ், திங்கள் இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு விவாதப் போட்டி. தலைப்பு: "பயனர் எழுதுவதற்குச் சமூக ஊடகத் தளங்களே பொறுப்பு." தலைப்பைக் கொடுத்தது நான்தான். இப்போது முழிப்பதும் நான்தான்.

இன்று ஒத்திகை. ஓர் அணி, "இவ்வளவு சம்பாதிக்கிறார்களே, சமூகப் பொறுப்பு வேண்டாமா?" என்றது. எதிரணி, "எவனோ எழுதியதற்கு இவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பது எப்படி நியாயம்?" என்றது. இருபது நிமிடம் கத்தினார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவே இல்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இது அம்மா சொல்ற பொறுப்பா, போலீஸ் சொல்ற பொறுப்பா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் ரெஸ்பான்சிபிலிட்டி, அக்கவுண்டபிலிட்டி, லயபிலிட்டி என்று மூன்று இருக்க, நமக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஒன்றுதான். எனக்கு லயபிலிட்டிக்கு, அதாவது சட்டப்படி மாட்டிக்கொள்ளும் பொறுப்புக்கு, ஒரு சொல் வேண்டும். அதிலிருந்து தளங்களுக்குக் கிடைக்கும் விலக்கை 'சேஃப் ஹார்பர்' என்கிறார்களே, அதற்கும் ஒன்று. பயிற்சித்தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பிடோக், திங்கள் இரவு 11.15

டீச்சர், இருபது வருடமாக மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். இந்தப் பள்ளத்தில் பலமுறை விழுந்திருக்கிறேன். என் வழி இதுதான்: முதலாவதற்குப் பொறுப்பு. இரண்டாவதற்குப் பொறுப்புக்கூறல், இலங்கைத் தமிழர்கள் நன்றாகவே பழக்கிவைத்திருக்கிறார்கள். மூன்றாவதற்குச் சட்டப்பொறுப்பு. 'கடப்பாடு' பக்கம் போகவேண்டாம். நம் ஊர்ச் செய்திகளில் யார் எதற்கு உறுதி சொன்னாலும் "கடப்பாடு கொண்டுள்ளனர்" என்று எழுதி எழுதி அந்தச் சொல் வெளுத்துவிட்டது.

சேஃப் ஹார்பருக்குத் தயவுசெய்து 'பாதுகாப்பான துறைமுகம்' என்று போட்டுவிடாதீர்கள். ஒருமுறை அப்படி ஒரு வரைவு என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. பத்தி முழுக்கத் துறைமுகம். படிப்பவர் துவாஸ் துறைமுகத்தில் ஏதோ புதிய திட்டம் என்றுதான் நினைத்திருப்பார். 'பொறுப்புவிலக்கு' போதும்.

சிராங்கூன், செவ்வாய் அதிகாலை 5.30

பிடோக் தம்பி அவசரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். 'சட்டப்பொறுப்பு' என்பது கலைச்சொல் அல்ல, விளக்கம். நாளைக்கு 'மருத்துவப்பொறுப்பு', 'வங்கிப்பொறுப்பு' என்று ஊருக்கு ஒன்று முளைக்கும்.

வேரைப் பார்ப்போம். பொறு என்றால் தாங்கு. சுமையைப் பொறுப்பதும் பொறுத்தல், வசவைப் பொறுப்பதும் பொறுத்தல். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்பதில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. பொறை என்றால் சுமை, பொறுமையும்கூட. கன்னடத்தில் நம் பகரம் ஹகரமாகும்: பால் ஹாலு, புலி ஹுலி, பொறு ஹொரு. அங்கே ஹொரெ என்றால் சுமை. ஆகவே பொறுப்பு என்பது தன் சுமையைத் தான் தாங்குவது.

டீச்சர் கேட்பது அதுவல்ல. இன்னொருவன் செய்ததற்கு நான் கட்டுப்படுவது. அதற்குத் தமிழில் புணை என்று ஒரு சொல் இருந்தது. புணை என்றால் தெப்பம் என்று எல்லாருக்கும் தெரியும், "நீர்வழிப் படூஉம் புணைபோல்" படிக்காதவர் யார்? ஆனால் புணை என்றால் பிணை, ஜாமீன் என்றும் பொருள். புணைபடுதல் என்றால் ஒருவனுக்காக ஈடு நிற்றல். கன்னடக்காரர்கள் இதைக் கைவிடவில்லை. அவர்களுடைய ஹொணெ இந்தப் புணைதான், லயபிலிட்டிக்கு அவர்கள் ஹொணெகாரிகெ என்றே எழுதுகிறார்கள். நாம் தெப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஆற்றில் விட்டோம்.

எனவே லயபிலிட்டி, புணைமை. சேஃப் ஹார்பருக்கு வள்ளுவரே தந்திருக்கிறார்: "சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்." ஏமம் என்றால் பாதுகாப்பு. ஏமப்புணை. துறைமுகமும் வேண்டாம், துவாஸும் வேண்டாம். சினம் எதைச் சுடும் என்று சொல்லும் குறள் சமூக ஊடகத்துக்கு இவ்வளவு பொருந்துவதையும் கவனியுங்கள்.

ஜூரோங் வெஸ்ட், செவ்வாய் மதியம் 1.05

ஐயா, வணக்கம். படித்து வாய்பிளந்தேன். ஆனால் ஒரு சிக்கல். புணைமை என்றால் மாட்டிக்கொள்வது, ஏமப்புணை என்றால் தப்பித்துக்கொள்வது. ஒரே வேரில் இரண்டு எதிர்ப்பொருள். மேடையில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டு தெப்பத்தில் ஒவ்வொரு கால் வைத்தால் என்ன ஆகும்? என் மகனிடம் 'ஏமப்புணை' என்று சொல்லிப் பார்த்தேன். "ஏமாந்த பூனையா?" என்றான்.

இன்னொன்று. சொல்லைத் தேடுமுன் பொருள் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்காவில் 1991இல் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை மேல் அவதூறு வழக்கு. பயனர் எழுதியதை அவர்கள் பார்ப்பதே இல்லை, ஆகவே புத்தகக்கடை மாதிரிதான் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. 1995இல் அதேபோன்ற புரோடிஜி மேல் வழக்கு. அவர்கள் கெட்ட வார்த்தைகளை நீக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள், ஆகவே பத்திரிகை ஆசிரியர் மாதிரி என்று நீதிமன்றம் மாட்டிவிட்டது. அதாவது குப்பையை அள்ளினால் குற்றவாளி, அள்ளாமல் கிடந்தால் நல்லவர். இந்தக் கூத்தைச் சரிசெய்யத்தான் 1996இல் தளங்களுக்கு விலக்குத் தரும் 'பிரிவு 230' என்ற சட்டப்பிரிவு வந்தது.

அதன் புகழ்பெற்ற வாக்கியம் ஆங்கிலத்தில் 26 சொல். நேற்று இரவு தமிழில் முயன்றேன்: "ஊடாட்டக் கணினிச் சேவையை வழங்குபவரோ பயன்படுத்துபவரோ, வேறொருவர் தந்த தகவலுக்கு அதன் வெளியீட்டாளராகவோ பேச்சாளராகவோ கருதப்படலாகாது." 12 சொல்லில் அடங்கிவிட்டது. கவனித்தீர்களா? நாம் அடித்துக்கொள்ளும் 'பொறுப்பு' அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. "இதைச் சொன்னது யார்?" என்பதைத்தான் அது பேசுகிறது. அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் இதை மாற்றவேண்டும் என்கிறார்கள், ஒருவர் தளங்கள் அதிகம் நீக்குகின்றன என்று, மற்றவர் போதுமான அளவு நீக்குவதில்லை என்று. டிரம்ப் 2020இல் இதைக் குறிவைத்து ஆணை போட்டார், 2021இல் பைடன் அதை எடுத்துவிட்டார். பிரிவு அப்படியே இருக்கிறது.

சிராங்கூன், செவ்வாய் மாலை 6.20

பூனை என்று சிரிக்கட்டும். 1997இல் இங்கே தமிழிணைய மாநாடு நடந்தபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'இணையம்' என்ற சொல்லையே நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்தார் என்பார்கள். அன்றைக்கு அது எத்தனை காதுக்குப் புதிது! இன்றைக்கு மீன்கடைக்காரர் வாயிலும் வருகிறது. பழகாத சொல் கடினம், பழகிய சொல் எளிது, அவ்வளவுதான். "புதியன புகுதலும் வழுவல" என்று நன்னூலார் சும்மாவா சொன்னார்?

பிடோக், செவ்வாய் இரவு 8.00

ஐயா, 'இணையம்' பிழைத்தது காதில் விழுந்ததும் புரிந்ததால். இணை எல்லாருக்கும் தெரியும். புணை யாருக்குத் தெரியும்? அப்புறம், "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்: ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்ததும் தெரியாது. நீங்கள் அதிகாலை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு தேடுகிறீர்கள்.

புங்கோல், செவ்வாய் இரவு 10.30

சென்னையிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆன ஒருவனின் கருத்து. இந்தியாவில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 79 இதே விலக்கைத் தருகிறது. தளங்களை அங்கே செய்திகளில் 'இடைத்தரகர்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். தரகர் என்றால் நம் ஊரில் வீடு விற்பவர், கமிஷன் வாங்குபவர். யோசித்தால் பொருத்தம்தான்! ஆனாலும் 'இடைநிலையர்' மேல்.

2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் இணையப் பதிவைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைத் தூக்கியெறிந்தது. கூடவே, யாரோ புகார் செய்தாலே தளம் நீக்கியாகவேண்டியதில்லை, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வேண்டும் என்றது. இங்கே பொஃப்மா (இணையப் பொய்களுக்கு எதிரான சட்டம்) வந்த பிறகு ஓர் அமைச்சர் "இது பொய்" என்று முடிவுசெய்தாலே உத்தரவு போகிறது. கருத்துச் சுதந்திரம் என்ற தலைப்பில் பிள்ளைகளைப் பேசவிட்டால் இதையும் பேசவிட வேண்டும்.

பிடோக், செவ்வாய் இரவு 10.55

தாராளமாகப் பேசட்டும், ஆனால் முழுசாகப் பேசட்டும். உத்தரவு பெற்றவர் அமைச்சரிடமே முறையிடலாம், அவர் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். திருத்த உத்தரவு வந்தால் பதிவை நீக்கவேண்டும் என்பதுகூட இல்லை, பக்கத்தில் திருத்தக் குறிப்பு வைக்கவேண்டும்.

புங்கோல், செவ்வாய் இரவு 11.02

முதலில் உத்தரவு, அப்புறம் நீதிமன்றம். என் ஆட்சேபமே அந்த வரிசைதான். கீழ்ப்படியாத தளத்துக்கு 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம் என்றால் எவன் வாதாடிக்கொண்டிருப்பான்?

ஜூரோங் வெஸ்ட், புதன் காலை 7.40

சண்டைக்கு நடுவில் ஒரு சொல் கிடைத்திருக்கிறது, பார்த்தீர்களா? திருத்த உத்தரவு, பொய் என்று தெரியாமல் பகிர்ந்தவருக்கும் போகலாம். அது தண்டனை இல்லை, தப்பு செய்தாய் என்ற தீர்ப்பும் இல்லை. ஆனால் செய்தே ஆகவேண்டும். செய்யாவிட்டால்தான் குற்றம். இது அம்மா சொல்லும் பொறுப்பும் இல்லை, போலீஸ் சொல்லும் பொறுப்பும் இல்லை. மூன்றாவது ஒன்று. பிடோக் அண்ணன் வெளுத்துப்போச்சு என்று தூக்கிப் போட்ட 'கடப்பாடு' இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

2025 தேர்தலுக்கு வந்த விதியும் இப்படித்தான். வேட்பாளர் பேசாததைப் பேசியதுபோல் செய்த காணொளியைத் தேர்தல் காலத்தில் போடக்கூடாது, நீக்கச் சொன்னால் நீக்கவேண்டும். (டீப்ஃபேக்குக்குத் தமிழ் என்ன என்று யாரும் இந்த இழையில் தொடங்கவேண்டாம். கும்பிடுகிறேன்.)

மட்டுறுத்துநர், புதன் மதியம் 12.15

நேற்று நள்ளிரவுக்குப் பின் வந்த ஒரு மடலை நிறுத்திவைத்திருக்கிறேன். எழுதியவருக்குத் தனியே சொல்லியாயிற்று. "வந்தேறி" என்ற சொல் கலைச்சொல் விவாதத்துக்குத் தேவையில்லை. சிராங்கூன் ஐயா, நிறுத்தியதால் மற்ற எல்லா மடலுக்கும் இனி நான் 'புணை' ஆகிறேனா என்று நீங்கள் கேட்டது வேடிக்கைக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உட்லண்ட்ஸ், வியாழன் இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்குள் இரண்டு வாரமாக ஒரு காகிதம். ஏ4 தாள், நான்கு மூலையிலும் செலோடேப். "ஈரத்துணியைப் பிழிந்து காயப்போடுங்கள், கீழ்வீட்டு மெத்தை நனைகிறது" என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் தட்டச்சு செய்திருந்தது. அதன் கீழே வேறொருவர் பேனாவால் ஒரு வீட்டு எண்ணும் ஒரு கெட்ட வார்த்தையும் எழுதிவிட்டார். செவ்வாய்க்கிழமை பார்த்தால், துப்புரவு செய்யும் பாட்டி கீழ்ப்பாதியை மட்டும் கிழித்தெடுத்திருக்கிறார். மேல்பாதி அப்படியே இருக்கிறது.

இதைப் படமெடுத்து வகுப்பில் போட்டேன். "பாட்டி பாதியைக் கிழித்ததால் மீதிக்குப் பாட்டி பொறுப்பா?" அவ்வளவுதான், ஜூரோங் வெஸ்ட் சார் சொன்ன புரோடிஜி வழக்கு முழுவதையும் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் வாதாடி முடித்துவிட்டார்கள். எழுதியவன் ஒருவன், ஒட்டியவன் ஒருவன், சுவர் இன்னொருவருடையது என்று பிரித்தார்கள். முதல் நாள் கேள்வி கேட்ட அதே பையன், "அப்போ நாம பேசுறது சுவர்க்காரன் பொறுப்பு டீச்சர்" என்றான். இப்போது வகுப்பில் எல்லாரும் தளத்தைச் சுவர்க்காரர் என்றுதான் சொல்கிறார்கள்.

பயிற்சித்தாளில் சட்டப்பொறுப்பு, பொறுப்புவிலக்கு, கடப்பாடு என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஐயா மன்னிக்கவேண்டும். ஏமப்புணையைக் குறளோடு கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் வைத்திருக்கிறேன்.

புங்கோல், வியாழன் இரவு 9.10

சுவர்க்காரர்! இதற்கு என் ஓட்டு. இடைநிலையரை வாபஸ் வாங்குகிறேன்.

பிடோக், வியாழன் இரவு 9.25

அரசாங்க ஆவணத்தில் சுவர்க்காரர் என்று எழுதினால் எனக்கு அடுத்த வேலை வராது. வகுப்பறைக்குச் சரி.

சிராங்கூன், வெள்ளி அதிகாலை 5.10

கட்டத்துக்குள் வைத்ததற்கு நன்றி, டீச்சர். என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்: சட்டப்பொறுப்பு ஒரு சொல் அல்ல. ஆனால் அந்தப் பையனின் சொல் நன்றாக இருக்கிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. '-காரன்' என்ற ஈறு வடமொழியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, இல்லை என்பாரும் உண்டு. சுவரர், சுவராளி, சுவருடையார் என்று மூன்று வழி தோன்றுகிறது. இரவு விரிவாக எழுதுகிறேன்.

பிடோக், வெள்ளி காலை 6.45

ஐயா, சனிக்கிழமை போட்டி முடியட்டும்.