மழையில ஒல்லி டயர் சைக்கிள்: உங்களுக்கு என்ன ஆச்சு?

பேட்டைக்காரன்
தடி டயர்ல இருந்து ரோடு பைக்குக்கு மாறுனவங்க சொல்லுங்க. பழசு 1.95 இஞ்சு, மழையோ வெயிலோ யோசிக்காம போவேன். புதுசு 25 எம்எம். டவுன்ல இருந்து பாளைக்கு மிதிக்கதே தெரியல, அப்படி ஒரு வேகம். ஐப்பசி மழை பிடிச்ச அன்னைக்கு குலவணிகர்புரம் ரயில்வே கேட்டு. தொறந்ததும் ரெண்டு பக்கத்துக் கூட்டமும் ஒண்ணா பாயும், தெரியும்லா. ஒரு பஸ்சு என்னைய ஓரத்துக்கு நெருக்க, நேரா ஏற வேண்டிய தண்டவாளத்துல சாய்வா ஏறுது வண்டி. இடுக்குல டயரு இறங்கல, அத நல்லா பாத்தேன். இரும்புல பட்ட ஒடனே முன் சக்கரம் பக்கவாட்டுல போவுது, ஹேண்டில்பாரு என் கையிலதான் இருக்கு ஆனா என் பேச்சக் கேக்கல. விழல. பின்னால ஒருத்தன் "ஏல பாத்துல"ன்னு கத்துனது மட்டும் இன்னும் காதுல இருக்கு. டயரு ஒல்லியா இருக்கதாலயா, இல்ல எந்த டயரா இருந்தாலும் இப்படித்தானா?

தாமிரபரணி 28
ஒல்லிலாம் இல்லண்ணாச்சி, மொட்டை டயரு, அதான். தண்ணி வெளிய போக வெட்டு வேணும்லா. குத்தாலத்துல ஐந்தருவியில இருந்து வாரேன், நல்ல சாரல், ரோட்டு நடுவுல குரங்கு ஒண்ணு குட்டியோட உக்காந்து மக்காச்சோளம் கடிச்சிட்டு இருக்கு, ரெண்டு பிரேக்கையும் பிடிக்கேன் சர்ருனு சத்தம்தான் வருது, வண்டி நிக்கல, அது என்னைய பாக்கு நா அத பாக்கேன், கிட்ட போனப்பொறவுதான் பிரேக்கு கவ்வுச்சு. சவம் நகரவே இல்ல. வெட்டு வச்ச டயரு மாத்திட்டேன் இப்ப.

கல்லிடை அப்பளம்
தாமிரபரணி, குரங்கு கதை நல்லாருக்கு, ஆனா அது டயரு பிரச்சினை இல்லவே, ரிம் பிரேக்கு. ரிம்முல தண்ணி நிக்கும், பிரேக் கட்டை மொத ஒண்ணு ரெண்டு சுத்துல அதத் தொடைக்கத்தான் செய்யும், பொறவுதான் பிடிக்கும். டயர மாத்தி என்ன பிரயோசனம்? வெட்டு வேணும்ங்கதெல்லாம் காருக்கு. விமான டயருக்கு ஒரு கணக்கு உண்டு, டயர் காத்தழுத்தத்த பிஎஸ்ஐல எடுத்து, அதோட வர்க்கமூலத்த 9ஆல பெருக்குனா எந்த வேகத்துல டயரு தண்ணி மேல மிதக்கும்னு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்குல வரும். 80 போட்டுப் பாருங்க, மணிக்கு 150 கிலோமீட்டர் கிட்ட வருது. அந்த வேகத்துல வந்தீயன்னா குரங்கு தானா நகந்துரும்.

பேட்டைக்கார அண்ணாச்சி, உங்களுக்கு காத்து 110 பிஎஸ்ஐ அடிச்சு விட்டிருப்பாங்க. 70 கிலோ ஆளுன்னா 25 எம்எம்முக்கு முன்ன 75, பின்ன 85 போதும், மழையில அதுலயும் ஒரு அஞ்சு கொறைக்கலாம். ரொம்ப எறக்கிராதீய, குழி விளிம்புல இடிச்சு டியூப்ல ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல விழும். ஈர இரும்பு மேல நேரா ஏறணும், அது மேல இருக்கும்போது பிரேக்கும் கூடாது திருப்பவும் கூடாது மிதிக்கவும் கூடாது, சும்மா உருண்டு போவணும். நிக்கணும்னு தோணுததுக்கு முன்னாலயே பிரேக்க லேசா தொட்டுத் தொட்டு ரிம்ம காய வைங்க. வீட்டுக்கு வந்ததும் கட்டையக் கழட்டிப் பாருங்க, மினுமினுன்னு அலுமினியத் துணுக்கு பதிஞ்சிருக்கும், ஊசியால நோண்டி எடுங்க, இல்லன்னா ரிம்ம அறுத்துரும். செயின தொடச்சு எண்ணெய் விடுங்க. என் கதையா? சேரன்மாதேவி ரோட்டுல ஒரு மழைக்கு விழுந்தேன், அவ்வளவுதான்.

முக்கூடல்
தண்டவாளம் குரங்குலாம் இருக்கட்டும். கார் நெல்லு அறுப்பு முடிஞ்சு ரோட்டுல வைக்கோலப் பரத்திப் போட்டிருப்பாங்கல்லா, அதுல ராத்திரி மழை பெஞ்சா காலையில எப்படி இருக்கும்? தடி டயரு அமுக்கிட்டுப் போயிரும். இது வழுக்குனது கூட பரவால்ல, வைக்கோலு பின்னால கியர்ல சுத்தி செயின் அப்படியே நின்னுட்டு. ஓரமா சாஞ்சுட்டேன், முட்டி சிராச்சு ரத்தம். பக்கத்துல நெல்லு மூடுன படுதாவ விலக்கிட்டு இருந்த ஆச்சி திரும்பிப் பாத்துட்டு, "நெல்லுல கால வச்சிராத ஐயா" அப்படின்னாவ. அவ்வளவுதான் கேட்டாவ. எனக்கு இன்னும் ஆறல.

கழுகுமலை ரோடு
உங்களுக்காவது வழுக்குச்சு. கயத்தாறு தாண்டி ஒரு பர்லாங் மண்ணுப் பாதை, கரிசல். ரோடு பைக்குல பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல விரல் நுழையாதுல்லா, மண்ணு அப்பி சக்கரமே சுத்தல. தோள்ல தூக்கிட்டு நடந்தேன். எதிர்ல வந்த டிராக்டர்காரன் நின்னு போட்டோ எடுத்தான்.

உடைமுள்ளு
மழைக்குன்னே முள்ளு ஏறும், ஈர ரப்பரு சீக்கிரம் கிழியும். நா தள்ளிக்கிட்டு ஒரு கடைக்குப் போனா, அண்ணாச்சி வால் டியூப் எங்கன்னு தேடுதாரு. நம்மளது ப்ரெஸ்டா வால்வு, ரோடு பைக்குக்கு வார ஒல்லி வால்வு, நம்ம ஊரு பம்பு வாய் நுழையாது. டயரும் கிழிஞ்சுட்டுன்னு சொன்னேன். "28 இஞ்சுதான, எல்லாம் ஒண்ணுதான்"னு கேரியர் சைக்கிள் டயர எடுத்து மாட்டுனாரு. அதோட ரிம்மு குறுக்களவு 635 எம்எம், நம்மளது 622. தொளதொளன்னு தொங்குது. அவரு டயரையும் பாத்தாரு, சக்கரத்தையும் பாத்தாரு, "உங்க வீலு சூம்பிப் போச்சு தம்பி"ன்னாரு. என்னத்த சொல்ல.

வண்ணார்பேட்டை டீச்சர்
நான் தினம் சுலோச்சன முதலியார் பாலம் வழியா போறவ. மனுசன் சொந்தக் காசுல 1843ல கட்டி முடிச்ச பாலம், அதுல ஒண்ணும் ஆகல, தாண்டி வந்து சிக்னல்கிட்ட வெள்ளை அம்புக்குறி பெயிண்டு மேல திரும்பும்போது பின் சக்கரம் ஒரு வெட்டு வெட்டுச்சு. கால ஊனி நின்னுட்டேன், கை நடுங்குது. அப்ப வாழையிலைக் கட்டு வச்ச பழைய கேரியர் சைக்கிள்ல ஒரு தாத்தா, குடையில்ல ஒண்ணுமில்ல, அதே பெயிண்டு மேல சாவகாசமா திரும்பி என்னத் தாண்டிப் போனாரு. பிரேக்கே தொடல.

தாமிரபரணி 28
தொட்டாலும் பிடிக்காது டீச்சர், இரும்பு ரிம்மு மழையில நம்ம ரிம்ம விட மோசம். செருப்பத் தரையில தேச்சுத்தான் நிப்பாட்டுவாரு.

கல்லிடை அப்பளம்
அதோட அவரு போன வேகம் என்ன, நீங்க போன வேகம் என்ன. டீச்சர் மொதல்ல ஒரு மட்கார்டு மாட்டுங்க, பொறவு 28 எம்எம் டயரு போட எடம் இருக்கான்னு ஃபோர்க்க அளந்து பாருங்க, அதுக்கு

வண்ணார்பேட்டை டீச்சர்
மட்கார்டு இருக்கு. நான் ஒண்ணும் கேக்கவும் இல்ல. அவரு கால் பெடல்லதான் இருந்துச்சு தாமிரபரணி, நான் பாத்தேன். காலையில ஏழு மணி வாக்குல இலைக் கட்டோட டவுன் பக்கம் போவாரு, யாராவது பாத்திருக்கீங்களா? எந்தக் கடைக்கு இலை போடுதாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க.