புதுப்பிப்பு: வீட்டில் காய்ச்சிய ஆம்பர் ஏல் பீர் புட்டிக்குப் போய்விட்டது

ஏர்லாக்கில் (நொதிக்கும் வாளியிலிருந்து வாயுவை வெளியே விடும் அடைப்பு) குமிழி நின்றுவிட்டது, ஆனால் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தியை அளந்து மிச்சச் சர்க்கரையைக் காட்டும் கருவி) 1.020 காட்டுகிறது, புட்டியில் அடைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அந்த அளவில் அடைத்திருந்தால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்துக் கண்ணாடி வெடித்திருக்கும்.

வாளியை ஹீட்டர் உள்ள அறைக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெல்லச் சுழற்றிவிட்டேன். அளவு மெதுவாக 1.013-க்கு இறங்கி, அடுத்தடுத்த நாட்களிலும் அசையவில்லை. தொடக்கம் 1.052; ஆக ஆல்கஹால் சுமார் 5.1 சதவீதம்.

அளவுக் குழாயை ஜன்னலோரம் பிடித்தால் பால் விடாத தேநீரின் நிறம். கிரிஸ்டல் மால்ட்டின் (முளைகட்டி வறுத்த பார்லி) காய்ச்சிய சர்க்கரைச் சுவை முன்னால் நிற்கிறது; அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) பம்பளிமாஸ் தோல் வாசத்தோடு பின்னால் வருகிறது. இன்னும் ஹாப்ஸ் போடச் சொன்ன நண்பர் மன்னிக்கவும்: ஆம்பரில் மால்ட்தான் பேச வேண்டும், இல்லையென்றால் ஹாப்ஸ் முன்னால் நிற்கும் பேல் ஏலே காய்ச்சலாமே!

புட்டிக்குள் வாயு சேர்ந்து நுரைக்க, லிட்டருக்கு 6 கிராம் மட்டும் சோளச் சர்க்கரை கரைத்து அடைத்தாயிற்று. ஒன்று மட்டும் பிளாஸ்டிக் புட்டி. வாயு நிறைந்து அது அமுங்காமல் இறுகியதும் மற்றவற்றைக் குளிர்பெட்டிக்கு மாற்றுவேன்.