‘பெரிய வீடு கொருக்குப்பேட்டை’ குரூப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு, காலை 7:40

லதா: எல்லாருக்கும் காலை வணக்கம். யாழினி ஸ்கூல்ல செவ்வாய்க்கிழமை கல்வி வளர்ச்சி நாள். காமராஜரோட சின்ன வயசு பத்தி மூணு நிமிஷம் பேசணுமாம். நெட்ல தேடினா எல்லாம் ஒரே கட்டுரைய மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. பெரியப்பா, கொஞ்சம் எழுதித் தர முடியுமா?

வனிதா சித்தி: 👏👏 என் செல்லம்

பாபு சித்தப்பா: [புகைப்படம்]

பாபு சித்தப்பா: காசிமேட்ல கீறேன். வஞ்சரம் ஃப்ரெஷ்ஷு. யாருக்கு வேணும்

சரோஜா அத்தை: எவ்ளோ சொல்றான்

பாபு சித்தப்பா: ஆயிரத்து நூறு. பேசினா கொறைப்பான்

சரோஜா அத்தை: வேணாம். சங்கரா இருந்தா ஒரு கிலோ

லதா: சித்தப்பா 🙏 யாழினி மேட்டர்

மணி பெரியப்பா: லதா, இப்போதுதான் பார்த்தேன். நல்ல தலைப்பு. நான்கு பகுதிகளாக அனுப்புகிறேன். முடியும்வரை யாரும் நடுவில் எதுவும் போட வேண்டாம்.

கார்த்திக்: அப்பா, மூணு நிமிஷத்துக்கு நாலு பகுதியா 😂

மணி பெரியப்பா: பகுதி 1. பிறப்பு.
காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. ஊர் விருதுபட்டி, அதாவது இன்றைய விருதுநகர். அப்பா குமாரசாமி, தேங்காய் வியாபாரம். அம்மா சிவகாமி. குலதெய்வம் காமாட்சி அம்மன் என்பதால் குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் காமாட்சி. அம்மா வாய்க்கு வாய் ராஜா, ராஜா என்றே கூப்பிடுவார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. நாகம்மாள் என்று ஒரு தங்கை. பேரனை மடியில் வைத்து வளர்த்தது பாட்டி பார்வதி அம்மாள். இது வரைக்கும் யாழினி மனப்பாடம் செய்யட்டும்.

தினேஷ் துபாய்: ஆம்பளப் புள்ளைக்கு காமாட்சியா. பசங்க ஓட்டித் தள்ளியிருப்பானுங்களே

சரோஜா அத்தை: ஏண்டா, உன் சின்ன மாமனுக்கு மூணு வயசு வரைக்கும் பாவாட சட்ட போட்டு ஜடை பின்னிவுட்டோம். ஃபோட்டோ என்கிட்ட கீது

பாபு சித்தப்பா: அக்கா கம்னு இரு

தினேஷ் துபாய்: ஃபோட்டோ போடும்மா 😂😂

கார்த்திக்: போடுங்க அத்தை

லதா: ஃபோட்டோன்ன உடனே ஞாபகம் வருது. பெரிய வீட்டு ஹால்ல மாட்டியிருந்த காமராஜர் படம் யார்கிட்ட இருக்கு? மிஸ் எதாவது படம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க

தினேஷ் துபாய்: தாத்தா காது தெரியுமே, அந்த ஃபோட்டோவா

லதா: அதான்

வனிதா சித்தி: காதா?

தினேஷ் துபாய்: சித்திக்கு தெரியாதா. காமராஜர் கூட்டத்துல நடந்து வருவாரு. ஓரத்துல ஒரு காது மட்டும் தெரியும். அது தாத்தா காதுனு பாட்டி சாவுற வரைக்கும் சொல்லினு இருந்துச்சு

பாபு சித்தப்பா: அது அப்பா காதுதான். மில்லு சட்டை காலர் தெரியும் பாரு

தினேஷ் துபாய்: தாத்தா அவரு கூட ஒண்ணா படிச்சாருனு கூட பாட்டி சொல்லும். அத பேச்சுல போடு லதா. மாஸா இருக்கும்

கார்த்திக்: தாத்தா பொறந்தது 1931. அதுக்கு முந்தின வருஷமே காமராஜர் உப்பு சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போயிட்டார்

பாபு சித்தப்பா: அதே ஸ்கூலு. வேற வருசம். அவ்ளோதானே

மணி பெரியப்பா: அப்பா படித்தது தண்டையார்பேட்டையில். விருதுநகரை அவர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. குழந்தையைப் பொய் பேச வைக்காதீர்கள்.

லதா: சரி, ஃபோட்டோ யார்கிட்ட?

பாபு சித்தப்பா: எங்க வூட்டு பரண்ல கீதுனு நெனைக்கிறேன்

வனிதா சித்தி: நம்ம வீட்ல பரணே இல்லயேங்க

காலை 9:05

மணி பெரியப்பா: பகுதி 2. அப்பாவின் மரணம்.
காமராஜருக்கு ஆறு வயதாகும்போது அப்பா குமாரசாமி இறந்து போனார். அப்பா இருந்தவரை கஷ்டம் தெரியாத வீடு. திடீரென்று சம்பாதிக்க ஆள் இல்லை. சிவகாமி அம்மாள் காதுத் தோட்டைத் தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்தார். மாதாமாதம் வந்த வட்டியில் பையனையும் பெண்ணையும் வளர்த்தார். இந்த இடத்தில் யாழினி கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும்.

சரோஜா அத்தை: இத நல்லா பெருசா எழுதுண்ணா

சரோஜா அத்தை: நம்ம அம்மா தோட்டக் கூட வுடல

கார்த்திக்: அத்தை, இந்த வருஷம் கூழ் எப்போ ஊத்தறோம்?

வனிதா சித்தி: ஆமா, வியாழக்கிழமை ஆடி பொறக்குதே

பாபு சித்தப்பா: மூணாவது ஞாயித்துக்கிழமனு கோயில்ல சொன்னாங்க. வீட்டுக்கு ஐநூறு. போன வருசம் தினேஷ் இன்னும் அனுப்பல

தினேஷ் துபாய்: அனுப்பிட்டேன் மாமா. ஜிபே பண்ணேன்

பாபு சித்தப்பா: யாருக்கு பண்ண

தினேஷ் துபாய்: உங்களுக்குத்தான்

பாபு சித்தப்பா: அது மொய்யி

வனிதா சித்தி: கேழ்வரகு இப்பவே அரைக்கக் குடுத்துடணும். கடைசி நேரத்துல மெஷின்ல ஒரே கூட்டம். கருவாட்டுக் குழம்பு யார் வெக்கிறது?

சரோஜா அத்தை: நான்தான் வெப்பேன். வேற யாரு வெக்கிறா

லதா: பெரியப்பா நீங்க மூணாவது பகுதி போடுங்க 🙏

மணி பெரியப்பா: பகுதி 3. பள்ளி.
முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். பிறகு ஏனாதி நாயனார் வித்யாசாலை. அதற்குப் பிறகு சத்திரிய வித்யாசாலை. இந்தக் கடைசிப் பள்ளியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஊர் மக்கள் ஒவ்வொரு வீட்டிலும் சமைக்க உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து, விற்று, பள்ளியை நடத்தினார்கள். பிடி அரிசிப் பள்ளிக்கூடம். அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் அடுப்படியிலிருந்து வந்த பள்ளிக்கூடம் அது. பின்னாளில் முதலமைச்சராகி, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர் அங்கே படித்தவர் என்பது சும்மா தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பத்து நான்கு வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன், பசியோடு வரும் பிள்ளையை முகம் பார்த்தே தெரியும்.

பாபு சித்தப்பா: மதிய சாப்பாடு மொத மொத போட்டது நம்ம கொருக்குப்பேட்ட ஆளு. பிட்டி தியாகராயர். 1920லயே போட்டாரு. காமராஜருக்கு முன்னாடியே

மணி பெரியப்பா: பாபு, அது சென்னை மாநகராட்சி. ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் ஆரம்பித்தது. தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவர். காமராஜர் செய்தது மாநிலம் முழுக்க. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. மேலும் தலைப்பு சின்ன வயசு.

பாபு சித்தப்பா: நான் தியாகராயா காலேஜ்ல படிச்சவன். எனக்குத் தெரியாதா

சரோஜா அத்தை: காலேஜுக்குப் போனியா? மகாராணி தியேட்டருக்குப் போன

கார்த்திக்: 😂😂😂

தினேஷ் துபாய்: அம்மா இன்னிக்கு ஃபார்ம்ல இருக்கு

மணி பெரியப்பா: பகுதி 3 தொடர்ச்சி.
பள்ளியில் பிள்ளையார் சதுர்த்தி. எல்லாப் பிள்ளைகளிடமும் காசு வசூல் செய்து பொரி, கடலை, சுண்டல் கொடுத்தார்கள். பையன்கள் முண்டியடித்து வாங்கினார்கள். காமராஜர் ஓரமாக நின்றார். கடைசியில் கையில் கிடைத்தது கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார்கள், ஏன் இவ்வளவுதான் என்று. எல்லாரும் ஒரே காசு கொடுத்தோம், எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை, நான் எதற்கு இடிக்க வேண்டும் என்று பேரன் கேட்டாராம். யாழினிக்கு இதுதான் முக்கியமான கதை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

தினேஷ் துபாய்: யானை கதைய போடுங்க மாமா. அதான் கைதட்டு வாங்கும்

லதா: அது என்ன கதை?

தினேஷ் துபாய்: கோயில் யானைக்கு மதம் புடிச்சு தெருவுல ஓடும். எல்லாரும் பயந்து கதவ சாத்திப்பாங்க. சின்னப் பையன் காமராஜர் சங்கிலிய தூக்கி யானை தும்பிக்கை முன்னாடி போடுவாரு. சங்கிலி தும்பிக்கைல இருந்தாதான் அது அடங்கும். பாகன் மறந்துட்டான், இவரு கவனிச்சு வெச்சிருந்தாரு

மணி பெரியப்பா: அந்தக் கதை எல்லாத் தலைவருக்கும் ஒன்று இருக்கும். சுண்டல் போதும்.

லதா: [குரல் செய்தி 0:09]

லதா: யாழினி பேசினது. யானை இல்லனா பேச மாட்டாளாம்

பாபு சித்தப்பா: என் ரத்தம்

மணி பெரியப்பா: சரி. நான்கே வரி. மதம் பிடித்தது என்று போடாதே, பெண் பிள்ளைகள் அர்த்தம் கேட்பார்கள். மிரண்டு ஓடியது என்று போடு.

காலை 10:30

சரோஜா அத்தை: அண்ணா ஒண்ணு கேக்கணும்

மணி பெரியப்பா: கேள்

சரோஜா அத்தை: அந்த நாகம்மாள படிக்க வெச்சாங்களா?

வனிதா சித்தி: சங்கரா வந்துடுச்சு அண்ணி. கழுவி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன்

லதா: அத்தை, நானும் தேடினேன். எல்லாத்துலயும் ‘ஒரு தங்கை’ன்றதோட நிக்குது

கார்த்திக்: அந்தக் காலத்துல கஷ்டம் அத்தை. அவரே ஆறாவதோட நிறுத்திட்டார், பன்னண்டு வயசுல

சரோஜா அத்தை: அவரு நின்னாரு. என்னிய நிறுத்துனாங்க

சரோஜா அத்தை: எட்டாவது. கணக்குல தொண்ணூறு. பாபுவ பாத்துக்க ஆளில்லனு. மத்தியானம் அப்பளம் உருட்டப் போவேன். அண்ணனுக்கு ட்ரெயினிங் ஃபீஸு

மணி பெரியப்பா: சரோஜா, இது குடும்ப குரூப். சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிறேன்.

சரோஜா அத்தை: குடும்ப குரூப்புலதான சொல்றேன். நீ வா, மீன் கொழம்பு வெக்கிறேன். நாலாவது பகுதிய போடு, கொழந்த காத்துனு கீது

பாபு சித்தப்பா: எனக்கும் சேத்து வெய்க்கா

மணி பெரியப்பா: பகுதி 4. கடை.
பள்ளியை விட்டதும் தாய்மாமா கருப்பையாவின் ஜவுளிக் கடையில் உட்கார வைத்தார்கள். துணி அளக்கும் வேலை. ஆனால் மனசு கடையில் நிற்கவில்லை. ஊரில் எங்கே கூட்டம் என்றாலும் போய்விடுவார். வரதராஜுலு நாயுடு பேசுகிறார் என்றால் முதல் வரிசை. பத்திரிகை படிக்கிறவர்களைச் சுற்றி நின்று கேட்பார். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு கடையில் ஆள் இருப்பது வேறு, மனசு இருப்பது வேறு. பையன் கையை விட்டுப் போகிறான் என்று திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பிப் பார்த்தார்கள். கல்யாணம் செய்து வைத்தால் அடங்குவான் என்றும் அம்மா நினைத்தார். கடைசிவரை அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இத்துடன் முடிக்கலாம். முதலமைச்சர் ஆனது, அணை கட்டியதெல்லாம் வேறு தலைப்பு.

தினேஷ் துபாய்: கடையில உக்கார மாட்டேன்னா உடனே வெளியூர் அனுப்பிடறது. அப்பவே ஆரம்பிச்சுட்டாங்களா

பாபு சித்தப்பா: உன்ன அனுப்புனது வேற கத

தினேஷ் துபாய்: மாமா வேணாம்

வனிதா சித்தி: லதா, வேஷம் போட்டு அனுப்பேன். வெள்ள வேட்டி, அரைக்கை சட்டை, தோள்ல துண்டு. பொம்பளப் புள்ள போட்டா இன்னும் அழகா இருக்கும். கார்த்திக் சின்ன வயசு வேட்டி இருக்குமே

கார்த்திக்: அம்மாகிட்ட கேக்கறேன். ஒட்டிக்கிற வேட்டிதான்

சரோஜா அத்தை: எல்லாப் புள்ளைங்களும் காமராஜர் வேஷத்துலதான் வரும். இவ சிவகாமி அம்மாவா போகட்டும். வெள்ள சேல, காதுல தோடு. என் புள்ளைய நான் எப்டி வளத்தேன்னு அவங்க சொல்ற மாதிரி பேசட்டும்

லதா: அத்தை இது சூப்பரா இருக்கே

மணி பெரியப்பா: தலைப்பு காமராஜரின் இளமைப் பருவம். தாயார் பேசுவதாக எழுதினால் நடுவர் மதிப்பெண் குறைப்பார். மேலும் நான்கு பகுதியையும் மாற்றி எழுத வேண்டும்.

சரோஜா அத்தை: மாத்தி எழுது

மணி பெரியப்பா: பார்க்கலாம்.

லதா: யாழினிகிட்ட கேட்டேன். வேட்டியும் வேணும், தோடும் வேணும்ன்றா 🤦

கார்த்திக்: தி.நகர் திருமலைப் பிள்ளை ரோட்ல அவர் இருந்த வீடு இப்போ நினைவில்லம். வாடகைக்கு இருந்த வீடு. சாயங்காலம் கூட்டிட்டுப் போனா அவளுக்கு நல்லா ஏறும்

லதா: நீங்க வரீங்களா அண்ணா? வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறிடலாம்

கார்த்திக்: எனக்கு இன்னிக்கு கால் இருக்கு. சித்தப்பா ஃப்ரீதான்

பாபு சித்தப்பா: நான் ஃபோட்டோ தேடணும்

வனிதா சித்தி: எங்க தேடப் போறீங்க? பரண்லயா

சரோஜா அத்தை: வூடு பாகம் பிரிச்சப்போ ஃபோட்டோவ பெட்ஷீட்ல சுத்தி ஆட்டோல ஏத்துனது யாருனு எனக்குத் தெரியும்

மணி பெரியப்பா: நான் எடுத்தது அம்மாவின் தையல் மெஷின் மட்டும்தான்.

சரோஜா அத்தை: தையல் மிஷினு எனக்குனு அம்மா சொல்லியிருந்துச்சு. அது கெடக்கட்டும்

பாபு சித்தப்பா: ஃபோட்டோ கெடைக்கும். கண்ணாடி மட்டும் ஒடஞ்சிருக்கும்

தினேஷ் துபாய்: காது இருக்கா? 😂

பகல் 1:15

லதா: மிஸ் இப்போ மெசேஜ் போட்டாங்க. பசங்க நெறைய பேர் சேந்துட்டாங்களாம். மூணு நிமிஷம் இல்ல, ரெண்டு நிமிஷம்தான்

மணி பெரியப்பா: அப்படியென்றால் திண்ணைப் பள்ளிக்கூடத்தை மட்டும் எடுத்துவிடு. மற்றதெல்லாம் இருக்கட்டும்.

சரோஜா அத்தை: நாகம்மாள எடுத்துடாத

லதா: யானை?

மணி பெரியப்பா: இரண்டு வரி.

பாபு சித்தப்பா: கூழுக்கு ஐநூறு எல்லாரும் இன்னிக்கே போட்டுவுடுங்க. தினேஷ் ஆயிரம்