பாலில் அஃப்லடாக்சின் எம்1: ரெகவரி 50 சதவீதத்தைத் தாண்டவில்லை

பால்_ஆய்வகம்:
50 மி.லி. பாலில் அஃப்லடாக்சின் எம்1 (பூஞ்சையால் வரும் நச்சு) லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் ஸ்பைக் (சோதனைக்காக நாங்களே சேர்த்தது). கொழுப்பை நீக்கி, இம்யூனோஅஃபினிட்டி காலம் (column: எம்1-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி ஜெல் உள்ள குழாய்) வழியே விட்டு, அசிட்டோநைட்ரில்–மெத்தனாலில் எல்யூட் செய்து (பிடிபட்டதைக் கரைத்து வெளியே எடுத்து), நைட்ரஜனில் உலர்த்தி, ஹெச்பிஎல்சி கருவியில் அளக்கிறோம். பிரிக்க சி18 காலம், அளக்க ஃப்ளூரசன்ஸ் (ஒளிர்வு) 365/435 நா.மீ. கலிப்ரேஷன் நேர்கோடு நன்றாக இருக்கிறது. ரெகவரி (சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு) மட்டும் 45–50%. மீதி எங்கே போகிறது?

சி18_காதலன்:
காலம் நிரம்பி வழிந்திருக்காது சார். நீங்கள் ஏற்றுவது 25 நானோகிராம்தான். பெரும்பாலான காலம்கள் 100 வரை பிடிக்கும். அதே 25 நானோகிராமை 50 மி.லி. தண்ணீரில் கலந்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் குறைந்தால் எல்யூஷன் அல்லது உலர்த்தல். சரியாக வந்தால் பால்தான் சிக்கல்.

குரோமட்டோ:
எல்யூஷனில் அவசரம் கூடாது. கரைப்பான் ஜெல்லோடு ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆன்டிபாடி பிடியை விடாது. உலர்த்தும்போது சூடாக்கி வறட்டிவிட்டால் எம்1 கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புது வயல்களை (vial, சிறு கண்ணாடிக் குப்பி) நீர்த்த கந்தக அமிலத்தில் சில மணி நேரம் ஊறப்போட்டு, அமிலம் போகும்வரை அலசுங்கள். வெளிச்சமும் ஆகாது, ஆம்பர் வயல்தான்.

பால்_ஆய்வகம்:
தண்ணீரில் 90%க்கு மேல் வருகிறது. பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் சென்ட்ரிஃப்யூஜ், பிறகு வேக்யூமில் இழுக்கிறோம்.

சி18_காதலன்:
இரண்டுமே தப்பு. பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கி, 4000 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 4000 மடங்கு விசையில்) 15 நிமிடம் சுற்றி, கொழுப்புப் படலத்துக்குக் கீழிருந்து எடுங்கள். குளிர்ந்த பாலில் மிஞ்சும் கொழுப்பு ஜெல்லை அடைக்கும், அதனால்தான் வேக்யூம் தேவைப்படுகிறது. வேகம் நொடிக்கு ஒரு சொட்டு, தானாக இறங்கட்டும். வெளியேறிய பாலைக் கொட்டாமல் இரண்டாவது காலத்தில் விடுங்கள்: அதில் எம்1 கிடைத்தால் வேகம்தான் காரணம். கிடைக்காவிட்டால் காலத்துக்கு முன்பே போய்விட்டது. எம்1 பால் புரதமான கேசீனோடு ஒட்டும் குணமுடையது. புரதம் திரிந்து அடியில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உறைந்து உருகிய பாலில் இது சகஜம்.

குரோமட்டோ:
அதுவரை ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். நம் இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பாதி ரெகவரியில் 0.8 உள்ள பால் 0.4 என்று காட்டி பாஸாகிவிடும். ஏற்றுமதி என்றால் ஐரோப்பாவில் 0.05, அங்கே ஸ்பைக்கும் அந்த அளவிலேயே இருக்க வேண்டும், 0.5-ல் கிடைத்த ரெகவரி செல்லாது.