மறு: காம்பினேஷன் தெரபி – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஒரே நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தரும் 'காம்பினேஷன் தெரபி'க்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். அதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'கலவை மருந்துச் சிகிச்சை' என்றே வைத்துவிடலாமே.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கலவை என்றதும் ஒன்றாகக் குழைத்த ஒரே மருந்துதான் நினைவுக்கு வரும். கடுமையான இரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரைகளைத் தனித்தனியாக விழுங்குபவரும் இதே சிகிச்சையில்தான் இருக்கிறார்.

மருந்துகள் உள்ளே போய் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அம்லோடிபின் இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. குளோர்தாலிடோன் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. உப்பு குறைந்ததும் சிறுநீரகம் சும்மா இருக்காது, இரத்த அழுத்தத்தை ஏற்றும் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும் ரெனின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரந்து அழுத்தத்தை மறுபடி ஏற்றப் பார்க்கும். டெல்மிசார்டன் அந்த வழியை அடைக்கிறது. அம்லோடிபினால் வரும் கணுக்கால் வீக்கமும் அதனால் குறைகிறது. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்தைச் சேர்ப்பது கூடுதல் பலன் தருவது இதனால்தான். ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இந்தத் தன்மை 'இணை' என்பதில் வந்துவிடுகிறது. எனவே என் பரிந்துரை: இணைமருந்துச் சிகிச்சை.

> 'கூட்டு மருந்து' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

சரி, அதை விட்டுவிட வேண்டாம். ஒரே மாத்திரைக்குள் பல மருந்துகள் இருந்தால் 'கூட்டு மாத்திரை' என்போம். நோயாளிக்கு எழுதும் குறிப்பில் இந்த வேறுபாடு மிகவும் தேவை. கூட்டு மாத்திரைக்குள் டெல்மிசார்டன் இருப்பது தெரியாமல், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய டெல்மிசார்டனையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம், இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம்.

அப்புறம், எதையும் எதனோடும் இணைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் டெல்மிசார்டனையும் ராமிப்ரிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பாதையை அடைப்பவை. இதயப் பாதுகாப்பில் கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது. ஆகவே விளக்கத்தில் 'வெவ்வேறு வழியில் செயல்படும்' என்ற தொடர் கட்டாயம் இருக்க வேண்டும்.

'ரெசிஸ்டன்ட் ஹைப்பர்டென்ஷன்' என்ற வகைக்கு 'எதிர்ப்பு இரத்த அழுத்தம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எது எதை எதிர்க்கிறது என்றே புரியவில்லை. 'மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம்' என்றால் யாருக்கும் விளங்கும். சிறுநீர்ப்பெருக்கி உட்பட மூன்று வகை மருந்துகளைத் தாங்கக்கூடிய முழு அளவில் கொடுத்தும் இலக்குக்கு இறங்காதது என்பது அதன் பொருள்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

இணைமருந்துச் சிகிச்சை: ஒரே நோய்க்கு, வெவ்வேறு வழியில் செயல்படும் இரண்டோ அதற்கு மேலோ மருந்துகளை ஒருசேரத் தருதல், அவை தனித்தனி மாத்திரைகளாகவோ கூட்டு மாத்திரையாகவோ இருக்கலாம்.

திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்